கரடிக் குலத்து மகள்

லெனாக்ஸ்வில்
6 பிப்ரவரி 1983

அன்புள்ள இஸ்தா,

நான் நலம். விடுதியில் ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார்கள், இனிமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம். அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பஸ் ஓட்டும்போது தலையணையை வைத்துக்கொள்கிறாரா, அல்லது டிப்போவில் சிரிப்பார்கள் என்று சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறாரா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ பேசாமல் இருப்பாய், நான் உளறுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தில் ஹார்லோ ஃபால்ஸ் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஆறுகளைப் பற்றியே ஒரு படிப்பு இருக்கிறது. வெள்ளம், அணை, கரை அரிப்பு, எல்லாம். என் கல்லூரியில் இதுவரை யாரும் அங்கே போனதில்லை. 'பார்க்கலாம்' என்று மட்டும் ஆசிரியர் சொன்னார்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டார்கள். உன்னைப் பற்றித்தான் எழுதினேன், 'இஸ்தா என்றால் எங்கள் மோஹாக் பூர்வகுடி மொழியில் அம்மா' என்று ஆரம்பித்து. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கப்பல் கால்வாய் வெட்டினார்கள், உன் வீட்டு வாசலிலிருந்து ஆறு போய்விட்டது என்று எழுதினேன். எங்கள் லசால் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் அக்கரையில் நீ பிறந்த ஊர் தெரியும் என்றும், இருபது வருஷமாக நீ அங்கே சாவுக்கு மட்டும்தான் போகிறாய் என்றும் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

'எந்த நாட்டுக் குடிமகள்' என்று ஓர் இடம் இருந்தது. கனடா என்று போட்டேன். வேறு என்ன போட?

திட்டுவதாக இருந்தால் நீளமாகத் திட்டி எழுது.

உன்
கொரின்

*

லசால்
15 பிப்ரவரி

அன்புள்ள கொரினுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தலையணை சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய் மேப்பை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். "அமெரிக்காவுலயா? அவனுங்களுக்கு ஹாக்கி பாக்கவே தெரியாதே! இவ அங்க போயி யார்கூடப் பேசுவா?" என்றார். அப்புறம் ஸ்கேலை வைத்து அளந்து, நான்கு மணி நேரத்தில் ஓட்டிவிடலாம் என்று தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் ரோசேர், "உன் பொண்ணு அமெரிக்கா போறாளாமே" என்று என்னைக் கேட்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தால், அவள் போகும் பஸ் அப்பாவுடையது. இன்னும் இடமே கிடைக்கவில்லை, அதற்குள் நூற்றுப் பத்தாம் எண் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. ஒரு தப்பு மட்டும் இருக்கிறது. வாசலிலிருந்து ஆறு போகவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள்.

நன்றாகச் சாப்பிடு.

இஸ்தா

*

லெனாக்ஸ்வில்
19 ஏப்ரல்

இஸ்தா! அப்பா!

இடம் கிடைத்துவிட்டது! தடித்த உறை வந்தால் கிடைத்தது, மெல்லிய உறை வந்தால் இல்லை என்று இங்கே சொல்வார்கள். எனக்கு வந்தது தபால்பெட்டிக்குள் நுழையவே இல்லை. தபால்காரர் படியேறி வந்து கையில் கொடுத்தார். ஆகஸ்ட் கடைசியில் போக வேண்டும்.

அப்பா, பஸ்ஸில் இப்போது சொல்லலாம்.

கொரின்

*

ஹார்லோ ஃபால்ஸ்
2 செப்டம்பர்

அன்புள்ள இஸ்தாவுக்கும் அப்பாவுக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். எல்லையில் கொஞ்சம் நேரமாயிற்று, மற்றபடி ஒன்றுமில்லை.

மலைமேல் இருக்கிறது பல்கலைக்கழகம். வகுப்புக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. பின்பக்கம் ஓர் அருவி. எங்கள் பேராசிரியர் முதல் நாளே எங்களைப் பாடம் எடுக்காமல் அங்கே அழைத்துப் போய், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். மற்றவர்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாப்பாடு மோசமில்லை. சோள ரொட்டி என்று போட்டிருந்தது, ஆசையாக எடுத்தேன். கேக் மாதிரி இனிக்கிறது! நம் வீட்டு ரொட்டியில் போடுவது மாதிரி பயறு ஒன்றுகூட இல்லை. நீ பார்த்தால் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாய்.

வில்மா என்று ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். நம் மோஹாக் பெண்தான், ஆற்றின் மேல்பக்கத்து ஊர். வளாகத்தில் நம்மவர் அவள் ஒருத்தி. இப்போது நானும். "நீ என்ன குலம்?" என்று முதல் கேள்வியே கேட்டாள். கரடி என்றேன். சொல்லும்போது கூச்சமாக இருந்தது. இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை அல்லவா?

கொரின்

*

லசால்
20 செப்டம்பர்

அன்புள்ள கொரினுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேப்பிள் இலை சிவக்க ஆரம்பித்துவிட்டது. பாதிரியார் பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி உன்னைப் பற்றிக் கேட்டார். ஆறு வருஷமாக என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, இப்போது "மதாம் திபோ, உங்க மக எப்படிப் படிக்கிறா?" என்கிறார். "ஆத்துல எறங்கிப் படிக்கிறா" என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கூச்சப்பட என்ன இருக்கிறது? கேட்டால் தலை நிமிர்ந்து சொல்.

எல்லையில் ஏன் நேரமாயிற்று?

இஸ்தா

*

ஹார்லோ ஃபால்ஸ்
23 அக்டோபர்

அன்புள்ள இஸ்தா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தேர்வுகள். கணிதத்தில் முதல் ஐந்து பேரில் வந்துவிட்டேன். அப்பாவிடம் மூன்றாவது என்று சொல். பஸ்ஸில் எப்படியும் முதல் என்றுதான் சொல்லப்போகிறார்.

ஒரு பாடத்துக்காகக் கேட்கிறேன். உன் அம்மாவின் முழுப்பெயர் என்ன? அவர்களுடைய அம்மாவின் பெயர்? எந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்கள்? அவசரம் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

கொரின்

*

லசால்
11 நவம்பர்

கொரினுக்கு,

நலம். என் அம்மா மேரி ஆன் லஹாஷ். அவள் அம்மா ஜோசஃபின் டியர். இருவருக்கும் ஊர்க் கோயிலில்தான் ஞானஸ்நானம்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமா ஆங்கஸ் வந்திருந்தான். நியூயார்க்கில் எஃகுக் கட்டட வேலை முடிந்து ஊருக்கு வந்தவன், பாலத்தைக் கடந்து இங்கே வந்தான். எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவன், அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு கப் காபி குடித்தான். நீ அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தாயாமே.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

இஸ்தா

*

ஹார்லோ ஃபால்ஸ்
9 டிசம்பர்

அன்புள்ள இஸ்தா,

சட்டை வந்தது. கச்சிதமாக இருக்கிறது. நன்றி, இஸ்தா. நியாவென், நியாவென்.

உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கோபமா? மாமாவுக்கு எழுதியது நலம் விசாரிக்கத்தான்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. ஆய்வகத்தில் வேலை, பனியும் அதிகம். வில்மா வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், எல்லைக்கு இந்தப் பக்கத்து வீடுதான், அதனால் சுலபம். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

கொரின்

*

லசால்
18 டிசம்பர்

கொரின் குட்டி,

அப்பா எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி இருபது வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது உன் அம்மாவுக்கு, அதில் இருந்த பிழைகளை அவள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். முதுகு நன்றாக இருக்கிறது.

உன் மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனிடம் ரகசியம் சொன்னவளைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

எல்லைக்காரன் உன் முகத்தைப் பார்த்து, "நீ பூர்வகுடியா? அப்படீன்னா இந்த மாணவர் காகிதமெல்லாம் வேணாம், சும்மா போகலாம்"னு சொன்னானாம். "அம்மா மோஹாக்"னு நீ சொன்னாயாம். "பூர்வகுடி அட்டையைக் காட்டு" என்றானாம். உன்னிடம் இல்லை. பஸ் முழுக்கக் காத்திருக்க, வெளிநாட்டு மாணவி என்று முத்திரை குத்தி அனுப்பினானாம். இப்போது அடுத்த பருவத்துக்கு 'நான் வெளிநாட்டு மாணவி' என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாய். ஜனவரி பதிமூன்றுக்குள் போடாவிட்டால் இடம் போய்விடும். சரிதானே?

இதை எங்களிடம் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த அட்டை உனக்கு ஏன் இல்லை? உன் அம்மாவுக்கு இல்லை, அதனால் உனக்கும் இல்லை. அவளுக்கு ஏன் இல்லை? என்னைக் கட்டிக்கொண்டாள். வெளியாளைக் கட்டிய மறுநாளே பூர்வகுடிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள், அது ஒட்டாவா அரசு போட்ட சட்டம். உன் மாமா கிளாஸ்கோவிலிருந்து ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான், அவளுக்கு அட்டை கொடுத்தார்கள்! ஆக, மோரீன் மாமி மோஹாக், உன் அம்மா இல்லை. இதை நினைத்து நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறேன்.

"கையெழுத்துப் போட்டுத் தொலையட்டும், படிப்புதானே முக்கியம்"னு நான்தான் சொன்னேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சூப் ஆறிப்போய்விட்டது.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் வேலை முடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் போகிறாள். "நான் கொண்டுபோயி விடட்டுமா?" என்றேன். "வேணாம். இது நான் தனியாப் போக வேண்டிய எடம்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அவளே எழுதுவாள்.

அப்பா
கில் திபோ

*

லசால்
4 ஜனவரி 1984

என் மகள் கொரினுக்கு,

இதை, வேலையாக இந்தப் பக்கம் வந்திருக்கும் வில்மாவின் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைக்குள் இருக்கும் தாளை மடிக்காமல் வைத்துக்கொள்.

ஆங்கஸ் சொன்ன அன்று எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பதில் போடாததற்கு அது காரணமில்லை. எழுத உட்கார்ந்தால், 'நான் போய்க் கேட்கிறேன்' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டால்? அதனால் முதலில் போனேன்.

ஊர் அலுவலகத்தில் ஒரு பையன் இருக்கிறான், என் பள்ளித் தோழியின் மகன், டெனிஸ். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றான். "அக்னெஸ் அத்தை, உங்களுக்கு என்னால அட்டை எழுத முடியாது. பேரு பட்டியல்ல இல்ல. சட்டம் ஒட்டாவாவோடது, நானா போட்டேன்?" என்றான். பாவம், நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"அட்டை கேட்டு நான் வரலடா" என்றேன். "எங்கம்மா யாரு, அவங்கம்மா யாரு, அவங்களுக்கு அம்மா யாருன்னு எழுதிக் குடு. அதுக்கு ஒட்டாவாவைக் கேக்கணுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். கோயில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், சாட்சி வேண்டும், குலத்துப் பெண்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். அதுவும் எனக்குத் தெரியும். இருபது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பெண்களிடம் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான்கு செவ்வாய்க்கிழமை போனேன். முதல் வீட்டில் கதவைத் திறந்தவள் என்னோடு சோளம் உரித்து வளர்ந்தவள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். "நீ கூப்பிட்டியா?" என்றேன். இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டே இருந்தோம். குளிர் உள்ளே போகிறது என்று அவள்தான் என்னை இழுத்தாள்.

மோரீனும் என்னோடு கிளம்பிவிட்டாள். அவளைப் பற்றி நான் வீட்டில் பேசிய பேச்சு உனக்குத் தெரியும். கடைசிச் செவ்வாய்க்கிழமை டெனிஸ் மேஜைமேல் தன் அட்டையை எடுத்து வீசினாள். "பாருடா நல்லா. நான் கிளாஸ்கோல பொறந்தவ. எனக்கு உங்க பாஷைல நாலு வார்த்தை தெரியும், அதுல மூணு வசவு. என்னைய மோஹாக்னு அச்சடிச்சிருக்கீங்க. இவ இல்லையா?" வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டெனிஸும் சிரித்தான். நான் அந்த அட்டையை எடுத்துத் துடைத்து மோரீனின் கையில் கொடுத்தேன்.

ஐந்து பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் வழியில் ஆறு தலைமுறைத் தாய்மார் பெயர் இருக்கிறது. டெனிஸ் ராத்தங்கித் தட்டச்சு செய்தானாம். முடிக்கும்போது, "எல்லை தாண்ட அமெரிக்காக்காரன் சட்டத்துல பாதி பூர்வகுடி ரத்தம் இருந்தாப் போதும் அத்தை. கொரினுக்குச் சரியாப் பாதி இருக்கு" என்றான். வீட்டில் சொன்னேன். "மீதிப் பாதி நான் கெடுத்ததா?" என்று அப்பா கேட்டார்.

நீ இதைத் தெரிந்துகொள். ஒட்டாவா கணக்கில் நீ சைபர். வாஷிங்டன் கணக்கில் பாதி. நம்மிடம் பிள்ளை அம்மாவின் குலம். அம்மா கரடி என்றால் பிள்ளை கரடி. அதில் பாதி, கால் கிடையாது. அந்தத் தாளில் ஆறு பெண்களுக்குக் கீழே ஏழாவதாக என் பெயரும், எட்டாவதாக உன் பெயரும் இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் முடிவு. போட்டாலும் நீ என் மகள்தான். ஆனால் நீ போட மாட்டாய்.

இஸ்தா

*

ஹார்லோ ஃபால்ஸ்
17 ஜனவரி

அன்புள்ள இஸ்தா,

தாளில் இருந்த எட்டுப் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டேன். முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன், அதனால்தான் பதில் தாமதம். கோபமில்லையே?

பதிமூன்றாம் தேதி காலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அம்மாள் பெயர் மிஸஸ் லிண்ட்க்விஸ்ட். கெட்டவர் இல்லை. கோப்பு வரிசையாக இருக்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். கையெழுத்து இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, பேனாவையும் நீட்டினார்.

"போடல மேடம்" என்றேன்.

"ஏம்மா, இன்னிக்குத்தானே கடைசி? நீ கனடாலேருந்துதானே வந்தே? நீயே விண்ணப்பத்துல எழுதியிருக்கியே!"

"எழுதினேன். அதுல வேற எடம் இல்ல. எங்க ஜனங்க இந்த எல்லைக் கோடு போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் இருந்தவங்க. உங்க சட்டமே எங்களை வெளிநாட்டுக்காரங்க இல்லேன்னு சொல்லுது. இதோ எங்கம்மா வீட்டுப் பெண்கள்" என்று தாளை முன்னால் வைத்தேன்.

குரல் உன்னுடையது மாதிரியே வந்தது, இஸ்தா.

அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஜோசஃபின், அவள் அம்மா, அவளுக்கு அம்மா. "எல்லாம் பொண்ணுங்களாவே இருக்கே?" என்றார். "எங்க கணக்கு அப்படித்தான்" என்றேன். தாளை எடுத்துக்கொண்டு சட்ட அலுவலகத்துக்குப் போனவர் மதியம்வரை வரவில்லை. வில்மா பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடம் போய்விட்டால் அன்றைக்கே விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியைப் பாதி கட்டி வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே என் கோப்பை எடுத்து, அதில் குத்தியிருந்த 'வெளிநாட்டு மாணவர்' என்ற பச்சைச் சீட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "உன்னை இந்த ஆபீஸ்லேருந்து அனுப்பறேன். உனக்கு இங்க வேலை இல்ல. மத்தப் பிள்ளைங்க பதிவு பண்ற எடத்துலயே போய்ப் பண்ணிக்கோ" என்றார். கதவுவரை வந்தவர், "வில்மாவும் இதே பாடு பட்டிருக்கணுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் எல்லைக்கு இந்தப் பக்கத்து வீட்ல பொறந்தேன் மேடம், அதனால தப்பிச்சேன். எங்க அண்ணன் அடுத்த ரூம்ல பொறந்திருந்தா மாட்டியிருப்பான், எங்க வீட்டுக்கு நடுவுலதான் கோடு போகுது" என்றாள் வில்மா. அந்த அம்மாளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பதிவு முடிந்தது. நாட்டின் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன். மோரீன் மாமிக்கு என் முத்தம். அந்த மூன்று வசவு என்னவென்று கேட்டு எழுது. அப்பாவிடம், அவர் எதையும் கெடுக்கவில்லை என்று சொல். அவர் சண்டை போட்டுக் கட்டிக்கொண்ட பெண்ணைப் பார்த்துத்தான் நான் பிடிவாதம் கற்றேன்.

உன்
கொரின்

*

லசால்
6 அக்டோபர் 1985

அன்புள்ள கொரினுக்கு,

நாங்கள் நலம். மூன்றாம் வருஷப் படிப்பு கடினமாக இருக்கும் என்றாய், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். நீ வரைந்து அனுப்பிய அணைப் படத்தை அப்பா பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். மேலதிகாரி எடுக்கச் சொன்னாராம். "என் பொண்ணு கட்டப்போற அணை சார், தண்ணி வந்தா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாராம்.

கோடையில் ஒட்டாவாவில் சட்டத்தை மாற்றியது உனக்குத் தெரியும். போன வாரம் எனக்கு அட்டை வந்துவிட்டது. பெயரைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். நான் எங்கும் போயிருக்கவில்லை, அவர்கள்தான் போயிருந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன். உனக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

இதில் இன்னொன்று ஆரம்பித்துவிட்டது. என்னைப்போல் வெளியில் கட்டிக்கொடுத்த பெண்கள் பக்கத்து வெர்டனிலும் லஷீனிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? தாய்வழியை எப்படி எழுதுவது, யாரைச் சாட்சி கேட்பது என்று ஒருத்தி வந்தாள். அவள் தங்கையை அழைத்து வந்தாள். இப்போது செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் நாற்காலி போதவில்லை. டெனிஸே பாலத்தைக் கடந்து தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். கதவில் என்னை நிறுத்தி வைத்தாளே, அவள்தான் எல்லோருக்கும் சோள ரொட்டி சுட்டுக் கொண்டு வருகிறாள். பயறு நிறையப் போட்டு.

அம்மாமாரோடு வரும் பெண்பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. "கொரின் அக்கா போன எடத்துக்கு நாங்களும் எழுதிப் போடலாமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒருத்திக்கு வைத்தியம் படிக்க வேண்டுமாம், ஒருத்திக்குச் சட்டம். மூன்றாமவளுக்கு என்ன படிப்பதென்று தெரியாது, ஆனால் போக வேண்டுமாம். கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். அவரவர் அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா வேலையிலிருந்து வந்தார். அடுப்படியில் பதினோரு பேர். கோட்டைக் கழற்றக்கூட இடமில்லை. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, தன் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். "இந்த வீட்டுல இப்ப நான் ஒருத்தன்தான் வெளிநாட்டுக்காரன்" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இருக்கலாமா, போகணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"பாத்திரத்தைக் கழுவினா இருக்கலாம்" என்றேன்.

கழுவினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, தன்னுடையதோடு பன்னிரண்டு கோப்பையையும்.

அடுத்த வாரம் வருகிறாய் அல்லவா? அந்த மூன்று பெண்களும் உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். களைப்பாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே.

இஸ்தா